நல்ல வேலையை ஏன் விட்டார் சாரா பெர்னார்?

1880 ஏப்ரலில் பாரிஸ் பத்திரிகை அலுவலகங்களுக்கு ஒரு கடிதத்தின் நகல் வந்து சேர்ந்தது. பிரான்சின் முதன்மையான நாடக அரங்கான கொமெதி ஃபிரான்சேஸின் நிர்வாகி எமில் பெரேனுக்கு எழுதப்பட்ட ராஜினாமா கடிதம் அது. எழுதியவர் சாரா பெர்னார். வயது 35. நிர்வாகி கடிதத்தைப் படித்துவிட்டுச் சமாதானம் பேசக் கிளம்புவதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட வேண்டும், பின்வாங்க வழியே இருக்கக் கூடாது என்றுதான் நகலைப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார்.

சாரா பெர்னாரைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுபவை வேறு. சவப்பெட்டிக்குள் படுத்து எடுத்துக்கொண்ட புகைப்படம், வீட்டில் வளர்த்த சிறுத்தை, ஒற்றைக் காலோடு மேடையேறிய கடைசி ஆண்டுகள். எல்லாம் சுவையான கதைகள்தான், பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் ஐரோப்பிய நாடக உலகம் அப்போது எப்படி இயங்கியது என்று தெரியாமல் இவற்றை மட்டும் படித்தால், ஏதோ விசித்திரமான ஒரு பெண்மணி என்ற எண்ணம்தான் மிஞ்சும். அந்த ராஜினாமாவிலிருந்து தொடங்கினால் அவர் வாழ்க்கை இன்னும் தெளிவாகப் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

அவர் விட்ட வேலை எப்படிப்பட்டது?

கொமெதி ஃபிரான்சேஸ் 1680-இல் பதினான்காம் லூயி மன்னரின் ஆணையால் உருவானது. நாடகாசிரியர் மோலியேர் இறந்த பிறகு சிதறாமல் இருந்த அவருடைய குழுவினரையும், பாரிஸில் போட்டியாக இருந்த இன்னொரு குழுவையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. அரசு மானியம் உண்டு. நிர்வாகியை அரசு நியமிக்கும். ஆனாலும் அது முழுக்க அரசு அலுவலகம் இல்லை. ஒரு கூட்டுக் குடும்பச் சொத்து மாதிரி, உள்ளே இருக்கும் மூத்த நடிகர்களுக்கு அதில் பங்கு உண்டு. 1812-இல் நெப்போலியன் மாஸ்கோவில் படையோடு இருந்தபோது கையெழுத்திட்ட ஆணைதான் இதன் விதிகளுக்கு அடிப்படை. போர்க்களத்தில் உட்கார்ந்துகொண்டு நாடகக்காரர்களின் பங்குக் கணக்கைப் பார்க்க எப்படித்தான் நேரம் கிடைத்ததோ!

உள்ளே இரண்டு படிகள். புதிதாகச் சேருபவர் பான்சியோனேர். அதாவது சம்பளத்துக்கு நடிப்பவர். ஒப்பந்தம் முடிந்தால் அனுப்பிவிடலாம். சில ஆண்டுகள் கழித்து, மூத்தவர்கள் தகுதி என்று கருதினால் சொசியெத்தேர் ஆக்குவார்கள். அதன்பின் அவர் பங்குதாரர். ஆண்டு லாபம் பங்குகளாகப் பிரியும். ஒவ்வொரு பங்கும் 12 துண்டுகளாகப் பிரியும். புதிய சொசியெத்தேருக்குச் சில துண்டுகள் மட்டும் கிடைக்கும். அனுபவம் கூடக் கூட முழுப் பங்கு வரை ஏறலாம். கடைசியில் ஓய்வூதியமும் உண்டு. பதிலுக்கு அவர் ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்த அரங்குக்குக் கட்டுப்பட்டவர். நினைத்தபோது போக முடியாது, வெளியே நடிக்க அனுமதி வேண்டும், எந்த நாடகம், எந்த வேடம் என்பதையும் நிர்வாகமே முடிவு செய்யும். மூத்த நடிகை ஒருவர் ஒரு வேடத்தைப் பிடித்து வைத்திருந்தால் இளையவர் காத்திருக்க வேண்டியதுதான்.

நடிப்பு என்பதே கௌரவமில்லாத தொழிலாகப் பார்க்கப்பட்ட காலத்தில் இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள். குறிப்பாகப் பெண்களுக்கு. தனியார் அரங்குகளில் நடித்த பல நடிகைகள் மேடை உடைகளைத் தங்கள் கைக்காசில் தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சம்பளமோ அந்த உடைக்கே போதாது. மிச்சத்துக்குப் பணக்கார ‘ஆதரவாளர்’ ஒருவரைத் தேடிக்கொள்வது அன்றைய பாரிஸில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வெளியே பேசாத ஏற்பாடு.

சாரா பிறந்ததே அந்த உலகத்தில்தான். தாய் ஹாலந்திலிருந்து வந்த யூதப் பெண். பாரிஸின் செல்வந்தர்களை நம்பி வாழ்ந்தவர். தந்தை யார் என்பது உறுதியில்லை. 1844 அக்டோபரில் பிறந்தார் என்று பொதுவாக ஏற்கிறார்கள். 1871-இல் பாரிஸ் நகராட்சிக் கட்டடம் எரிந்தபோது பிறப்புப் பதிவேடுகளும் சாம்பலாகிவிட்டதால் தேதியைச் சரிபார்க்க வழியில்லை. வெர்சாயில் கன்னியர் மடப் பள்ளியில் படித்தார், கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றார், கன்னியாஸ்திரீ ஆக ஆசைப்பட்டார். மகளை என்ன செய்வது என்று தாய் யோசித்தபோது, வீட்டுக்கு வந்து போகும் நண்பர்களில் ஒருவரான மோர்னி பிரபு, ‘நாடகப் பள்ளியில் சேர்த்துவிடு’ என்றார். இந்த மோர்னி, பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்குத் தாய் ஒன்று, தந்தை வேறான சகோதரர். அவர் சொன்னால் கதவு திறக்கும். 1860-இல் கொன்செர்வத்துவார் எனும் அரசு நாடக, இசைப் பள்ளியில் சாரா சேர்ந்தார். 1862-இல் அதே செல்வாக்கில் கொமெதி ஃபிரான்சேஸில் பான்சியோனேராக நுழைந்தார்.

முதல் மேடை ஏற்றம் சோபிக்கவில்லை. ராசீனின் துன்பியல் நாடகமான ‘இஃபிஜெனி’யில் நடுங்கிக்கொண்டே வசனத்தை வேகவேகமாக ஒப்பித்தார். விமர்சகர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் மோலியேர் பிறந்தநாள் விழா. சாராவின் தங்கை, மூத்த நடிகை நத்தாலியின் நீண்ட பாவாடைத் தொங்கலை மிதித்துவிட்டாள். நத்தாலி அந்தச் சிறுமியைத் தள்ளிவிட, சாரா நத்தாலியை ஓங்கி அறைந்தார். மன்னிப்புக் கேள் என்றார்கள். கேட்கவில்லை. வேலை போயிற்று.

அப்புறம் சில கடினமான ஆண்டுகள். சிறு வேடங்கள், 1864-இல் திருமணமில்லாமல் பிறந்த மகன் மொரீஸ், கடன். 1866-இல் ஒதேயோன் அரங்கில் இடம் கிடைத்தது. செய்ன் நதியின் இடது கரையில், மாணவர்கள் மொய்க்கும் பகுதியில் இருந்த அரங்கு அது. அவரை முதலில் கொண்டாடியவர்கள் அந்த மாணவர்கள்தான். 1869-இல் கவிஞர் கொப்பேயின் ஓரங்க நாடகம் ஒன்றில் ஊர் ஊராகப் பாடித் திரியும் இளைஞனாக, ஆண் வேடத்தில் நடித்தார். பாரிஸ் முழுக்க அவர் பெயர் பரவியது. மறு ஆண்டு பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது ஒதேயோன் அரங்கையே காயம்பட்ட வீரர்களுக்கான மருத்துவமனையாக மாற்றி நடத்தினார். 1872-இல், நாடு கடந்த வாழ்வை முடித்துத் திரும்பியிருந்த விக்தர் யூகோவின் ‘ரூய் பிளா’வில் ஸ்பெயின் ராணியாக நடித்த பிறகு கொமெதி ஃபிரான்சேஸ் தானாகவே திரும்ப அழைத்தது.

இந்த முறை எல்லாம் சரியாக நடந்தது. 1874-இல் ராசீனின் ‘ஃபெத்ர்’. கணவனின் மகன் மீது காதல்கொண்டு அழியும் அரசியின் வேடம் அது. ஒரு பிரெஞ்சு நடிகையின் தகுதியை அந்த வேடத்தை வைத்துத்தான் அளப்பார்கள். 1875-இல் சொசியெத்தேர். 1877-இல் யூகோவின் ‘எர்னானி’. அந்த நாடகத்தைப் பார்த்து அழுததாகச் சொல்லி, கண்ணீர்த் துளி வடிவில் ஒரு வைரத்தை யூகோ அனுப்பி வைத்தார். 33 வயதுக்குள் ஒரு நடிகைக்குக் கிடைக்கக்கூடிய எல்லாம் கையில் இருந்தன.

சரி, பிறகு ஏன் விட்டார்?

நேரடியான காரணம் ஒரு தோல்வி. ஓஜியேயின் ‘லவாந்துரியேர்’ நாடகத்தில், பிடிக்காத ஒரு வேடத்தைக் கொடுத்தார்கள். உடம்பு சரியில்லை, ஒத்திகைக்கு இன்னும் நாள் வேண்டும் என்று கேட்டார், தரவில்லை. மேடையேறினார், விமர்சகர்கள் கிழித்தார்கள், ராஜினாமா.

ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நடந்தவற்றைப் பார்த்தால், அந்தத் தோல்வி வெறும் சாக்கு என்று தோன்றும். 1878 உலகக் கண்காட்சியின்போது பலூனில் ஏறி பாரிஸுக்கு மேலே பறந்துவிட்டு வந்தார். அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போனதாக நிர்வாகி பெரேன் 1,000 ஃபிராங்க் அபராதம் போட்டார். இவரோ அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகமே எழுதி வெளியிட்டார். சிற்பம் செய்தார், கண்காட்சியில் வைத்தார், விற்றார். ஒரு நடிகைக்கு இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தார்கள். 1879-இல் கொமெதி ஃபிரான்சேஸ் குழு மொத்தமும் லண்டன் கெயிட்டி அரங்குக்குப் போனது. அங்கே ஆங்கிலேய ரசிகர்கள் சாரா நடிக்கும் நாட்களுக்கு மட்டும் முண்டியடித்தார்கள். மாலை நேரங்களில் அவர் லண்டன் செல்வந்தர் வீடுகளில் தனியாக நடித்துக் காட்டிச் சம்பாதித்தார். அதை ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் ஜாரெட் என்ற முகவர்.

கூட்டம் யாருக்காக வருகிறது, பணம் யாருக்குப் போகிறது என்ற கணக்கு அவருக்கு லண்டனில்தான் தெளிவாகப் புரிந்திருக்க வேண்டும். அரங்கின் பெயருக்காக வந்த கூட்டம் தன் பெயருக்காக வரத் தொடங்கிவிட்டது. ஆனால் லாபத்தில் தனக்குக் கிடைப்பது என்னவோ விதிப்படியான பங்கு மட்டும்தான். பங்குதாரர் முறை சராசரி நடிகருக்குப் பாதுகாப்பு. கூட்டத்தைத் தனியாளாக இழுக்கும் நட்சத்திரத்துக்கு அது கைவிலங்கு.

ஒப்பந்தத்தை மீறியதற்காக நீதிமன்றம் அவருக்கு 1,00,000 ஃபிராங்க் அபராதம் விதித்தது. ஜாரெட் தயாராக இருந்தார். அமெரிக்காவுக்கு வாருங்கள், ஒரு காட்சிக்கு 5,000 ஃபிராங்க், வசூல் கூடினால் அதில் பங்கும் உண்டு. அதாவது அபராதத் தொகை முழுவதும் 20 காட்சிகளின் கூலி!

1880 அக்டோபரில் கப்பலேறி, நவம்பரில் நியூயார்க் பூத் அரங்கில் நடிக்கத் தொடங்கினார். எல்லாம் பிரெஞ்சு மொழியில். பார்வையாளர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சொல் புரியாது. வசனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சிறு புத்தகமாக வாசலில் விற்றார்கள். அதைப் புரட்டியபடியே நாடகம் பார்த்தார்கள். பாதிரியார்கள் சிலர் மேடையில் காட்டப்படும் ஒழுக்கக்கேட்டைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார்கள். செலவில்லாத விளம்பரம். அவர் அங்கே மிக அதிகமாக நடித்தது இளைய டூமாவின் ‘லா தாம் ஒ கமேலியா’. காசநோயில் சாகும் பாரிஸ் தாசியின் கதை. ரயிலேறி ஊர் ஊராகப் போய், 50-க்கும் மேற்பட்ட ஊர்களில் 150-க்கும் மேற்பட்ட காட்சிகள் நடித்துவிட்டு, 1881-இல் பெரும் பணத்தோடு திரும்பினார்.

திரும்பியதும் அந்தப் பணத்தைத் தொலைத்தார். இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் வாழ்க்கை முழுவதும் இதே கதைதான். மகன் பெயரில் அம்பிகு என்ற அரங்கை எடுத்து நடத்தினார், நஷ்டம். 1883-இல் நகைகளை ஏலம் விட்டார். பிறகு பணம் தீரும்போதெல்லாம் வெளிநாட்டுப் பயணம், பயணத்தில் வந்த பணத்தை வைத்து பாரிஸில் ஒரு அரங்கு, அரங்கு நஷ்டம், மறுபடி பயணம். 1891-இல் தொடங்கிய உலகப் பயணம் ஆஸ்திரேலியாவரை போய், 1893-இல்தான் முடிந்தது. இடையில் 1882-இல் அரிஸ்தீத் தமாலா என்ற கிரேக்கரைத் திருமணம் செய்து, அவரை நடிகராக்கப் பார்த்தார். அவரோ மார்ஃபீன் போதைக்கு அடிமை, 1889-இல் இறந்தார். இந்தக் காலத்திலேயே, அமெரிக்கப் பயணத்தில் கூட வந்த நடிகை மரீ கொலொம்பியே, சாராவை அசிங்கமாகக் கேலி செய்து ஒரு புத்தகம் எழுதினார். சாரா கையில் சாட்டையுடன் அந்த அம்மாள் வீட்டுக்கே போய்ப் பொருட்களை நொறுக்கிவிட்டு வந்தார். பத்திரிகைகளுக்கு ஒரு வாரத் தீனி.

சார்துவின் தையல்

தனியாகப் போன நட்சத்திரத்துக்குப் பழைய காவிய நாடகங்கள் மட்டும் போதாது. மொழி புரியாத ஊரிலும் எடுபடக்கூடிய நாடகம் வேண்டும். இங்கேதான் விக்தோரியேன் சார்து வருகிறார். சாராவின் அளவுக்கே தைத்த மாதிரி வரிசையாக நாடகங்கள் எழுதிக் கொடுத்தார்: 1882-இல் ‘ஃபெதோரா’, 1884-இல் ‘தியோதோரா’, 1887-இல் ‘லா தொஸ்கா’, 1890-இல் ‘கிளியோபாத்ர்’, 1894-இல் ‘ஜிஸ்மோந்தா’. கதைக்களம் தூரதேசம் அல்லது பழங்காலம். நாயகி இளவரசி, ராணி அல்லது புகழ்பெற்ற பாடகி. தீராக் காதல், ஒரு துரோகம், ஆடம்பரமான உடைகள், கடைசி அங்கத்தில் பெரும்பாலும் சாவு. ஃபெதோரா விஷம் குடிப்பாள். தொஸ்கா கோட்டைச் சுவரிலிருந்து குதிப்பாள். கிளியோபாத்ராவுக்குப் பாம்பு. சாரா சாகும் காட்சியைப் பார்ப்பதற்கென்றே டிக்கெட் வாங்கினார்கள். ஃபெதோரா என்ற தொப்பிக்கு அந்தப் பெயர் வந்தது இந்த நாடகத்தால்தான். பூச்சினியின் ‘தொஸ்கா’ இசை நாடகத்துக்கும் மூலம் சார்து எழுதியதே.

இலக்கியமாகப் பார்த்தால் இவை பெரிய நாடகங்கள் இல்லை. இன்று சார்துவை அப்படியே மேடையேற்றுபவர்கள் அரிது. எல்லோருக்கும் அன்றும் பிடிக்கவில்லை. 1881-இல் மாஸ்கோவில் சாராவைப் பார்த்த ரஷ்ய எழுத்தாளர், இளம் செகாவ், இதில் இருப்பது அசுர உழைப்பு, இயல்பான உணர்ச்சி இல்லை என்ற பொருளில் எழுதினார். 1895 ஜூனில் லண்டனில் சாராவும் இத்தாலிய நடிகை எலியோனோரா தூசேவும் ஒரே வேடத்தில் சில நாள் இடைவெளியில் நடித்தார்கள். ஜெர்மன் நாடகாசிரியர் சூடர்மனின் மக்தா என்ற வேடம். விமர்சகராக இருந்த பெர்னார்ட் ஷா தூசேயின் பக்கம் சாய்ந்தார். தூசே மேடையில் வேறொருத்தியாக மாறுகிறார், சாரா எந்த வேடத்திலும் சாராவாகவே இருக்கிறார் என்பது அவர் குறை. நியாயமான குறைதான். ஆனால் காசு கொடுத்து வந்தவர்கள் பார்க்க விரும்பியதும் அந்தச் சாராவைத்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, தூசே பாரிஸுக்கு வந்தபோது சாரா தன் அரங்கையே அவருக்குக் கொடுத்தார்.

அந்த அரங்கு ரெனேசான்ஸ். 1893 முதல் அவரே நடத்தினார். 1894 கிறிஸ்துமஸ் சமயத்தில் ‘ஜிஸ்மோந்தா’வுக்கு அவசரமாக ஒரு சுவரொட்டி தேவைப்பட்டது. அச்சகத்தில் அப்போது கைக்குக் கிடைத்த ஓவியர் இன்றைய செக் நாட்டின் மொராவியாவிலிருந்து வந்து பாரிஸில் சிரமப்பட்டுக்கொண்டிருந்த அல்ஃபோன்ஸ் முகா. இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான, ஒடுக்கமான சுவரொட்டி; கையில் ஈச்ச ஓலையுடன் சாரா, தலைக்குப் பின்னால் தேவாலய ஓவியங்களில் வரும் வளைவு. 1895 புத்தாண்டு அன்று பாரிஸ் சுவர்களில் ஒட்டினார்கள். ஆட்கள் இரவோடு இரவாக உரித்துக்கொண்டு போனார்கள். சாரா முகாவோடு ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டார். சுவரொட்டி மட்டுமில்லாமல் மேடை அமைப்பு, உடை, நகை எல்லாவற்றிலும் முகாவின் கை இருந்தது. சுவரொட்டியைக் கூடுதலாக அச்சடித்து ரசிகர்களுக்கு விற்றதையும் சேர்த்துச் சொன்னால்தான் சாராவின் முதலாளி முகம் முழுமையாகத் தெரியும்.

சொந்தப் பெயரில் ஒரு அரங்கு

1899-இல் ரெனேசான்ஸை விட்டுவிட்டு, ஷத்லே சதுக்கத்தில் இருந்த பெரிய அரங்கை பாரிஸ் நகராட்சியிடமிருந்து நீண்ட கால வாடகைக்கு எடுத்தார். சுமார் 1,700 இருக்கைகள். சிவப்பு வெல்வெட்டை எடுத்துவிட்டு மஞ்சள் வெல்வெட் போட்டார். ஐந்து அறைகள் கொண்ட ஒப்பனைப் பகுதி அமைத்துக்கொண்டார். அரங்குக்குத் தன் பெயரையே வைத்தார்: தியாத்ர் சாரா பெர்னார். கொமெதி ஃபிரான்சேஸில் மற்றவர்களுக்குக் கட்டுப்பட்டு நடித்தவர், இங்கே எந்த நாடகம், யார் யார் நடிகர்கள், விளக்கு எங்கே, திரை எப்போது என்று எல்லாவற்றையும் தானே முடிவு செய்தார்.

அங்கே அவர் முதல் ஆண்டில் செய்த காரியம் ஹாம்லெட். ஆமாம், அவரே ஹாம்லெட். பெண் ஆண் வேடமிடுவது பிரெஞ்சு மேடைக்குப் புதிதல்ல. இளம் பையன் வேடங்களைப் பெண்களுக்குக் கொடுப்பது வழக்கம்தான். சாரா அந்த வழக்கத்தைத் துணை வேடத்திலிருந்து நாயக வேடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பெண்களுக்கு எழுதப்படும் வேடங்களைவிட இத்தகைய ஆண் வேடங்களில் சிந்தனைக்கு இடம் அதிகம் என்பது அவர் வாதம். 50 வயது தாண்டிய நடிகைக்கு அம்மா வேடம் தவிர வேறென்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1900 மார்ச் 15-இல் அரங்கேறிய ‘லெக்லோன்’ இந்த முயற்சியின் உச்சம். எத்மோன் ரொஸ்தான் எழுதிய ஆறு அங்கச் செய்யுள் நாடகம். நெப்போலியனின் மகன், ஆஸ்திரிய அரண்மனையில் கைதி போல வளர்ந்து 21 வயதில் இறந்த ரைக்ஷ்டாட் பிரபு, அதன் நாயகன். வெள்ளைச் சீருடையில் அந்த இளைஞனாக நடித்தபோது சாராவுக்கு 55 வயது. அன்று பிரான்ஸ், 1870 போரில் பிரஷ்யாவிடம் தோற்ற ரணமும் டிரைஃபஸ் வழக்கின் பிளவும் ஆறாமல் கிடந்த நாடு. யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸ் மீது பொய்யாகச் சுமத்தப்பட்ட தேசத்துரோகக் குற்றச்சாட்டு குடும்பங்களையே இரண்டாக்கியிருந்தது. சாரா டிரைஃபஸுக்காக எழுதிய எமில் சோலாவின் பக்கம். மகன் மொரீஸ் எதிர்ப்பக்கம். இருவரும் பல மாதங்கள் பேசிக்கொள்ளவில்லை. யூதர் என்று கேலிச்சித்திரக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் இழிவுபடுத்திய அதே சாரா நெப்போலியன் மகனாக மேடையில் நின்றபோது, இரு தரப்பும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கைதட்டின. அந்த ஆண்டு பாரிஸில் உலகக் கண்காட்சி வேறு. நாடகம் மாதக்கணக்கில் ஓடியது. கண்காட்சியில் காட்டிய ஒரு குட்டிப் படத்தில் ஹாம்லெட்டின் வாள்சண்டைக் காட்சியையும் நடித்துக் கொடுத்தார்.

கூடாரம், நாற்காலி, கேமரா

1905-இல் தென் அமெரிக்கப் பயணம். ரியோ டி ஜெனிரோவில் ‘லா தொஸ்கா’வின் கடைசிக் காட்சி. சுவருக்குப் பின்னால் போட்டிருக்க வேண்டிய மெத்தைகள் இடத்தில் இல்லை என்று சொல்கிறார்கள். குதித்தவருக்கு வலது முழங்காலில் பலத்த அடி. ஏற்கெனவே தொந்தரவு கொடுத்துவந்த கால் அது. பிறகு சரியாகவே இல்லை.

அந்தக் காலோடுதான் அடுத்து அமெரிக்கா போனார். அங்கே பெரும்பாலான அரங்குகளை ஒரு வியாபாரக் கூட்டணி கையில் வைத்திருந்தது. சாரா அவர்களுக்குப் போட்டியான ஷூபர்ட் சகோதரர்களோடு ஒப்பந்தம் போட்டிருந்ததால், டெக்சாஸ் போன்ற இடங்களில் ஒரு அரங்கும் கிடைக்கவில்லை. என்ன செய்வது? 1906-இல் பிரம்மாண்டமான சர்க்கஸ் கூடாரம் ஒன்றைக் கூடவே கொண்டு போய், ஊர் ஊராக அடித்து, உள்ளே ‘லா தாம் ஒ கமேலியா’ நடித்தார். ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். அரங்கு கிடைத்திருந்தால்கூட அவ்வளவு பேருக்கு இடம் இருந்திருக்காது. அதே ஆண்டு மே மாதம், பூகம்பத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ அழிந்து சில வாரங்களே ஆன நிலையில், பக்கத்தில் பெர்க்லியின் திறந்தவெளி கிரேக்க அரங்கில் ‘ஃபெத்ர்’ நடித்தார். மறு ஆண்டு தன்வரலாறு வெளியிட்டார். அமெரிக்க முதல் பயணத்தோடு முடிந்துவிடும் அந்தப் புத்தகம் படிக்க அருமை. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் மேடையில்தான் நிற்கிறார் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

சினிமாவில் அவர் பெயர் வேறொரு வகையில் முக்கியம். 1912-இல் இங்கிலாந்து ராணி எலிசபெத்தைப் பற்றிய நாடகம் ஒன்று பாரிஸில் தோற்றது. அதையே படமாக எடுத்தார். அமெரிக்க உரிமையை அடோல்ஃப் சூக்கர் வாங்கி, நாடக அரங்கில் நாடகத்துக்குரிய மரியாதையோடு திரையிட்டார். அதுவரை படம் என்றால் சில்லறைக்குப் பார்க்கும் துண்டுக் காட்சிகள் என்று நினைத்தவர்களும் வந்து பார்த்தார்கள். அந்த வெற்றியின் மீது சூக்கர் எழுப்பிய கம்பெனிதான் பின்னால் பாரமவுன்ட் ஆயிற்று.

1914-இல் லெஜியோன் தொனேர் எனும் பிரெஞ்சு அரசின் உயர் விருது கிடைத்தது. 1915 பிப்ரவரி 22-இல் போர்தோ நகரில் அந்த வலது காலை முழங்காலுக்கு மேலே துண்டித்தார்கள். வயது 70. மரக்காலை ஒதுக்கிவிட்டு, இரண்டு பேர் தூக்கும் அலங்கார நாற்காலி ஒன்றைச் செய்யச் சொன்னார். அதிலேயே போர்முனைக்குப் போய் வீரர்கள் முன்னால் செய்யுள் சொன்னார். 1916-இல் மறுபடி அமெரிக்கா, ஓராண்டுக்கும் மேல். உட்கார்ந்தபடி, சாய்ந்தபடி, படுத்தபடி நடிக்கத் தோதான காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். இது வீரமா, கடனா என்று கேட்டால் இரண்டும்தான்.

1923 மார்ச்சில், வெளியே போக முடியாத நிலையில், பெரேர் சாலையில் இருந்த தன் வீட்டிலேயே ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். படம் முடியவில்லை. மார்ச் 26-இல் இறந்தார். சவ ஊர்வலம் பெர் லஷேஸ் கல்லறைக்குப் போகும் வழியில் அவர் அரங்கின் முன் சற்று நின்று சென்றது. 1941-இல், பாரிஸ் ஜெர்மனியர் கையில் இருந்தபோது, யூதப் பெயர் என்று அரங்கிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். போருக்குப் பின் பெயர் திரும்பியது, 1968-இல் தியாத்ர் தெ லா வில் ஆனது, பல ஆண்டுப் புதுப்பிப்புக்குப் பின் 2023-இல் திறந்தபோது சாரா பெர்னார் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் அவருடைய குரலைக் கேட்க ஆசைப்படுவார்கள். ‘பொற்குரல்’ என்று கொண்டாடப்பட்டவர் அல்லவா? 1900-களின் தொடக்கத்தில் பதிவான சில துண்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ‘ஃபெத்ர்’ பகுதியும் உண்டு. முதல் தடவை கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். பாடுவதுபோல இழுக்கும், திடீரென்று விரைவு, நடுக்கம். இன்றைய காதுக்குச் செயற்கை. ஒலிவாங்கி இல்லாமல் 1,700 பேருக்குக் கேட்க வேண்டிய குரலை ஒரு தகரக் குழாய்க்குள் கத்தவைத்த பதிவு அது. ராசீனின் வரிகள் 12 அசை கொண்ட செய்யுள். அதை ராகம்போல நீட்டிச் சொல்வதுதான் அன்றைய நாடகப் பள்ளியின் பாடம். எனவே ராசீனின் மூல வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை கேளுங்கள். மூச்சை எங்கே எடுக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். அதன் பிறகு எலிசபெத் படத்தின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். ராணி குவித்து வைத்த தலையணைகள் மீது முகம் குப்புற, மரம் சாய்வதுபோல விழுவார். கால் வலியில் இருந்த 67 வயதுக்காரர்.